ஊரில் இல்லாத மரம்

கைவாள் கிளைக்குள் பாதி இறங்கியிருந்தபோது தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

மழை என்று நினைத்து யோகன் அண்ணை மேலே பார்த்தார். ஏப்ரல் மாதத் தொடக்கம். வானத்தில் ஒரு முகில் இல்லை. பிறகுதான் வெட்டிய இடத்தைப் பார்த்தார். சரியாகப் பூட்டாமல் விட்ட குழாய்போல அங்கிருந்து தெளிந்த நீர் சொட்டி, அவருடைய மணிக்கட்டால் இறங்கி, சேர்ட்டின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது.

“இதென்ன தம்பி, தண்ணி ஓடுது?”

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் தெரியாது. யோகன் அண்ணை ஈர விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“மெல்லிசா இனிக்குது.”

அவருடைய தலை, தோள் எல்லாம் மஞ்சள். வாளை இழுக்க இழுக்கக் கிளை நுனியில் தொங்கிய பூச்சரங்கள் ஆடி, அரைத்த மஞ்சளைத் தட்டிக் கொட்டியதுபோலத் தூளை இறக்கிக்கொண்டிருந்தன. சமையலறை யன்னல் இறுகச் சாத்தியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் மகள் ஆரணி நின்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அந்தத் தூள்தான் அவளுடைய மூச்சைப் பிடித்தது. அதற்காகத்தான் மரத்தை வெட்ட வந்திருந்தோம்.

வெட்டச் சொன்னவள் என் மனைவி வதனி. அந்த வீட்டு வளவில் அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த ஒரே பொருள் அந்த மரம். அவள் கதவு நிலையோடு சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தங்கச்சி, என்ன செய்ய?” என்று யோகன் அண்ணை மேலிருந்து கேட்டார்.

“வெட்டுங்கோ அண்ணை.”

உடனே சொன்னாள். ஆனால் நீர் சொட்டுகிற பக்கம் அவள் பார்க்கவேயில்லை.

ரூ பெர்தொனேக்குப் பின்னால் ஓர் அறை

இந்த மரம் எங்களிடம் வந்த கதையை நான் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லவேண்டும்.

ஸ்தேன் புறநகருக்குப் போவதற்கு முன் நாங்கள் பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருந்தோம். ரூ பெர்தொனே தெருவிலிருந்து இரண்டு திருப்பம். நாலாம் மாடி. ஓர் அறை, ஒரு யன்னல். யன்னலைத் திறந்தால் கீழே நகைக்கடை, அதன் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை. கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தை வைத்தே பின்னேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம். நான் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ற்றில் குசினி வேலை. வதனி விடியுமுன் எழும்பிக் கந்தோர்களில் மேசையும் நிலமும் துடைக்கப் போவாள்.

யன்னல் விளிம்பில் ஒரு சட்டியில் மல்லிகை வைத்திருந்தாள். பாரிஸ் குளிருக்கு மல்லிகை நிற்பதே பெரிய காரியம். அது பூத்தும் காட்டியது. கீழ்க்கடைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, “அக்கா, ஒரு பூ எறியுங்கோ” என்று கேட்பார்கள்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது வந்தது.

அந்த வசந்தத்தில் லா சப்பலில் ஒருவரும் வியாபாரம் செய்யவில்லை என்றே சொல்லலாம். கடைகள் திறந்துதான் இருந்தன. ஆனால் கடைக்காரர்கள் தொலைபேசியைக் காதில் வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாமான் எடுத்தவர்களும் மிச்சக் காசை மறந்து நிற்பார்கள். வதனியின் ஒரே தம்பி பாலன் சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தான். முதலில் கிழமைக்கு ஒருதரம் அவனுடைய குரல் வந்தது. பிறகு அவனைக் கண்டவர்களின் குரல் வந்தது. கடைசியில், முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் ஒரே வசனத்தில் சொல்லி முடித்தார்.

வதனி சத்தம்போட்டு அழவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனாள். அந்தக் கிழமை முடிய, மல்லிகைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் இறங்கி நகைக்கடைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் ஊர்ப் பாட்டுகள் நின்றன. ஊர்ப் படங்கள் இருந்த அல்பம் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. ஊர்க்கதை எடுத்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். சின்னப் பிள்ளையாயிருந்த ஆரணியும் அதைப் பார்த்துப் பழகி, அம்மா இருக்கிற நேரம் ஊரைப் பற்றிக் கேட்கமாட்டாள்.

இரண்டு வருடம் கழித்துத்தான் வீடு பார்க்கத் தொடங்கினோம். எபினே புறநகரில் சில வீடுகள் பார்த்தோம், ஒன்றும் சரிவரவில்லை. ஸ்தேனில் பார்த்த வீடு பழையது. சுவரில் ஈரம். படி கிறீச்சிட்டது. “இது வேண்டாம்” என்று நான் சொல்ல வாயெடுக்க, வதனி குசினிக் கதவைத் திறந்து பின்வளவுக்குள் இறங்கிவிட்டாள்.

மாரி காலம். புல் செத்துக் கிடந்தது. வளவின் நடுவில் ஒரே அடியிலிருந்து மூன்று தண்டுகள் எழும்பி நின்றன. ஓர் இலை இல்லை. ஆனால் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. வெள்ளைக்குக் குறுக்கே மெல்லிய கறுப்புக் கீறல்கள். சில இடங்களில் பட்டை காகிதம்போலச் சுருண்டு, காற்றில் மெல்லப் படபடத்தது. வதனி கிட்டப் போய் உள்ளங்கையை அதில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, இந்த வீட்டை எடுப்பம்.”

வெள்ளை மரம்

அதற்கு என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளை மரம் என்றோம். அகராதியில் பூர்ச்சம் என்று ஒரு சொல் கிடக்கிறதாம். இமயமலைப் பக்கம் அதன் பட்டையில் ஏடு எழுதினார்களாம். அதெல்லாம் பின்னாளில் தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த மரத்துக்குத் தீர்ப்பு வைத்திருந்தார்கள். யோகன் அண்ணை கட்டட வேலை செய்கிறவர். நான் பாரிசுக்கு வந்த காலந்தொட்டு எனக்கு அண்ணன் மாதிரி. அவர் முதல் ஞாயிறே அளவு நாடாவோடு வந்தார்.

“உதைத் தறிச்சுப்போட்டு மாபிள் பதிச்சா, பிறந்தநாள், சாமத்தியவீடு எல்லாம் இஞ்சையே வைக்கலாம். நான் பாத்துத் தாறன்.”

“வேண்டாம் அண்ணை. மரம் நிக்கட்டும்,” என்றாள் வதனி.

“கறிவேப்பிலை, தூதுவளை எண்டு ஏதாவது வையன். இது காய்க்கவும் மாட்டுது, பூக்கவும் மாட்டுது.”

“ஒண்டும் தராட்டிலும் பரவாயில்லை அண்ணை.”

அவள் யாழ்ப்பாணம் ரவுணில், சீமெந்து முற்றத்தில் வளர்ந்தவள். மண்வெட்டி பிடித்த கையில்லை. அப்படிப்பட்டவள் அந்த மரத்தை வளர்க்கப் படித்ததை நினைக்க எனக்கு இன்றைக்கும் வியப்பு. செடிக்கடைகளில் மரத்தின் படத்தைக் காட்டி உடைந்த பிரெஞ்சில் கேட்பாள். ஆரணியைப் பக்கத்தில் இருத்தி வீடியோக்கள் பார்ப்பாள். “என்ன சொல்லுறார்? திருப்பிப் போடு.”

அதன் வேர் ஆழப் போகாது, மேல்மண்ணிலேயே படர்ந்து கிடக்கும் என்று அறிந்த நாளில், அடியில் மண்ணைக் கொத்த வந்த என்னை அவள் கிட்டே விடவில்லை. அந்த மரத்துக்குத் தலையில் வெயில் வேண்டும். காலில் குளிர்ச்சி வேண்டும். ஆகவே மரத்தூள், காய்ந்த இலை, சீவல் பட்டை என்று கிடைத்ததையெல்லாம் அடியைச் சுற்றிப் பாய்போல விரித்தாள். ஆனால் தண்டில் முட்டவிடமாட்டாள். முட்டினால் தண்டு அழுகும். தண்ணீரை வாளியால் வீசி ஊற்றக்கூடாது. குழாயை மெல்லிய நூலாகத் திறந்து, மண்ணில் வைத்துவிட்டு, அரிசி அடுப்பில் ஏற்றி இறக்கும்வரை விட்டுவிடுவாள்.

சுருண்டிருக்கிற பட்டையைக் கண்டால் உரித்துப் பார்க்க யாருக்கும் கை துடிக்கும். ஒருநாள் என் கையும் போனது.

“அது தானா விழும். நீங்கள் உரிச்சா அந்த இடம் கறுத்துப்போகும், பிறகு வெள்ளை வராது. விடுங்கோ.”

விட்டேன்.

பக்கத்து வீட்டு மதாம் நாதியா அல்ஜீரியாக்காரி. பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். இலையுதிர் காலத்தில் மரத்தின் விதைகள், செதிள் செதிளாக, மழைநீர் ஓடுகிற அவருடைய கூரைப் பீலியை அடைத்துவிடும். முதல் வருடம் மதிலுக்கு மேலால் சத்தம்போட்டார். அடுத்த வருடத்திலிருந்து வதனி சண்டைக்கு இடம் வைக்கவில்லை. விதை கொட்டி முடிந்ததும் ஏணியோடு போய் அவருடைய பீலியை முதலில் துப்புரவாக்குவாள், எங்களுடையதைப் பிறகு. நாதியா கீழே நின்று ஏணியைப் பிடித்தபடி தன் மருமகள்களைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்குக் கேட்ட சொல்

ஆரணிக்கு முதலில் கண் சிவந்தது. சளி, தடிமன் என்று நினைத்தோம். ஆப்பிள் கடித்தால் வாய்க்குள் கடிக்கிறது, அரிக்கிறது என்பாள். பழம் தின்னப் பஞ்சிப்பட்டுச் சாக்குச் சொல்கிறாள் என்று வீட்டுக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வசந்தத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளை மூச்சுவிடக் கஷ்டப்படுகிறாளாம்.

நான் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனேன். அவளுடைய நெஞ்சு விசில் அடித்தது. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போய்ப்போய் வந்தது. ஒரு தகப்பன் பார்க்கக்கூடாத காட்சி அது. வைத்தியர் அவளைப் பக்கத்து அறையில் இருத்தி, முகத்தில் மருந்துப் புகை மூடியை வைத்துவிட்டு வந்து எனக்கு விளங்கப்படுத்தினார். இரத்தம் சோதிக்கவேண்டும், பெரிய வைத்தியரிடம் அனுப்பவேண்டும் என்று பலதும் சொன்னார். என் காதில் விழுந்து நின்றது ஒன்றுதான்.

“செ லு புலோ, மெசியே.”

லா சப்பலில் இறங்குகிற எந்தத் தமிழனும் முதலில் படிக்கிற சொற்களில் ஒன்று புலோ. வேலை. “புலோ இருக்கோ?”, “புலோவுக்குப் போறன்.” எனக்கு விளங்கியது இதுதான்: பிள்ளையின் வருத்தத்துக்குக் காரணம் உன்னுடைய வேலை.

எண்ணெய்ப் புகை. பொரியல் ஆவி. அதை உடுப்பில் சுமந்துகொண்டு வந்து பிள்ளையைக் கொஞ்சியிருக்கிறேன். அப்படித்தான் நினைத்தேன். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டுவேன். நேரே குளிப்பறை. தலை முழுகாமல் ஆரணிக்குக் கிட்டப் போகமாட்டேன். வேறு வேலை தேடவேண்டும் என்று யோகன் அண்ணையிடமும் சொல்லிவைத்தேன்.

ஒரு கிழமை பார்த்துவிட்டு ஆரணி கேட்டாள், பிரெஞ்சில்: “பப்பா, ஏன் என்னைக் கண்டு ஒளிக்கிறீர்கள்?”

சொன்னேன். அவள் கண்ணை அகல விரித்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அம்மா தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

“மே நோன், பப்பா! அந்த புலோ இல்லை. மரம். மரத்தின் பெயர்.”

தன் பாடப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தாள். இரண்டு சொல்லும் ஒரே ஒலி, எழுத்துத்தான் வேறு. கீழே படம். சுண்ணாம்பு வெள்ளைத் தண்டு, குறுக்கே கறுப்புக் கீறல். ஆங்கிலத்தில் பேர்ச் என்கிறார்களே, அதுதான்.

நானும் ஆரணியும் சிரித்துக்கொண்டிருந்தோம். வதனி தண்ணீர்க் கோப்பையோடு நின்று அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு யன்னலால் வளவைப் பார்த்தாள். அவள் ஆசையாக வளர்த்த மரத்தின் பெயர் அவளுக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

அன்று இரவு அவள் சமைத்ததை ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. படுக்கப் போகுமுன் சொன்னாள்: “யோகன் அண்ணையை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லுங்கோ.”

“பெரிய வைத்தியரிட்டை ஒருக்காக் கேட்டிட்டு...”

“பிள்ளைக்கு மூச்சு முட்டுது. இதிலை கேக்க என்ன இருக்கு?”

இரண்டு ஞாயிறுகளுக்கு நடுவே

இனித் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்.

யோகன் அண்ணை பாதி வெட்டிய கிளையை முழுதாக வெட்டி இறக்கினார். அதை அப்படியே தொங்கவிட முடியாது. பிறகு ஏணியால் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“நடுத்தண்டு மதாமின்ரை கூரைப் பக்கம் சாயுது. தனிய வெட்டேலாது. கயிறும் இன்னொரு ஆளும் வேணும். வாற ஞாயிறு வாறன்.”

அது உண்மைதான். ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்: “அந்தத் தண்ணியைக் கண்ட உடனை எனக்குக் கை ஓடேல்லை தம்பி.”

இலை வருமுன் வெட்டினால் இந்த மரம் அப்படித்தான் நீர் வடிக்கும். வேர் மேலே அனுப்புகிற தண்ணீர் அது. இலை விரிந்தால் தானாக நிற்கும். வெட்டுவதென்றால் கோடை முடிவில் வெட்டவேண்டும். எங்களில் ஒருவருக்கும் அன்றைக்கு இது தெரியாது. அந்தக் கிழமை முழுக்க வெட்டுவாய் சொட்டிக்கொண்டிருந்தது. வதனி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கடந்தாள்.

புதன்கிழமை, ஒவ்வாமை வைத்தியரைப் பார்க்க ரந்தேவூ எதிர்பாராமல் கிடைத்தது. யாரோ வராமல் விட்ட இடம். மூவரும் போனோம். நடுத்தர வயதுப் பெண். ஆரணியின் கையில் துளித்துளியாக மருந்து விட்டுக் குத்திப் பார்த்தார். புலோத் தூள் கலந்த ஒரு துளியைச் சுற்றி மட்டும் நுளம்பு கடித்த தடிப்புப்போல வீங்கி எழும்பியது. ஆப்பிள் கடித்தால் வாய் கடிப்பதும் இதனால்தான் என்று அவர் சொன்னபோது, ஆரணி எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

வழக்கமாக இப்படியான இடங்களில் வதனி பேசமாட்டாள், ஆரணி மொழிபெயர்ப்பாள். அன்று அவள் மகளுடைய கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே கேட்டாள். இலக்கணம் இல்லாத, ஆனால் ஒரு சொல்லும் வீணாகாத பிரெஞ்சு.

“மதாம். எங்கள் வீடு, அந்த மரம். வெட்டினால், என் பிள்ளை நன்றாக மூச்சு விடுமா?”

வைத்தியர் பேனையை வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தார். “கொஞ்சம் குறையலாம். ஆனால் சுகம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். இந்தத் தூள் மிகத் தூரம் பறக்கும். உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை மரங்கள் நிற்கின்றன என்று பார்த்திருக்கிறீர்களா? உங்கள் பிள்ளைக்கு வைத்தியம் செய்வோம். மரத்தை என்ன செய்வது என்பது உங்கள் முடிவு.”

திரும்பி வரும்போது ரயிலில் வதனி யன்னல் ஓரம் இருந்தாள். கார் து நோரை விட்டு வெளிக்கிட்டு, லா சப்பலின் முதுகுப்பக்கத்தால் ரயில் போகும்போது, அவள் திடீரென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

“அங்கை பாருங்கோ.”

தண்டவாளங்களின் நடுவே, துருப்பிடித்த கம்பிகளும் கற்களும் கிடக்கிற வெறும் நிலத்தில், யாரும் நடாமலே மெல்லிய வெள்ளைத் தண்டுகள் நின்றன. கொஞ்சம் போக, இன்னும் சில. மதில் ஓரம். தொடர்மாடிகளின் நடுவில். பள்ளிக்கூட வாசலில். மஞ்சள் சரங்கள் எல்லாவற்றிலும் தொங்கின.

“எத்தினை வருசம் இதாலை போய்வந்திருக்கிறம்,” என்றாள் வதனி. “நான் எங்கடை வளவிலை மட்டும்தான் நிக்குது எண்டு நினைச்சன்.”

ஆரணி யன்னலில் நெற்றியை வைத்தபடி பிரெஞ்சில் சொன்னாள்: “அம்மா, நான் மருந்து எடுக்கிறேன். தூள் வந்தால் நான் வீட்டுக்குள்ளே போகலாம். மரம் எங்கே போகும்?”

வதனி அவளைத் தன் பக்கத்தில் இருத்தினாள். அவளுடைய தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யோகன் அண்ணை கயிறும் ஆளுமாக வந்தார். வளவில் மேசை போட்டுப் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் இருந்தன.

“சாப்பிடுங்கோ அண்ணை. மரம் இந்த வருசம் நிக்கட்டும். பிள்ளைக்குச் சுகம் வராட்டில் நானே வாளை எடுத்துத் தருவன்.”

யோகன் அண்ணை கயிற்றைக் காருக்குள் எறிந்தார். “நல்ல கதை. கயிறு வாடகைக்கு எடுத்தனான்,” என்றார். பிறகு இரண்டாம்தரமும் புட்டுப் போட்டுச் சாப்பிட்டார்.

மூன்று வசந்தங்கள்

அந்த முடிவுக்கு வதனி கொடுத்த உழைப்பை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். மருந்து வைத்தியர் தந்தது. நாக்குக்குக் கீழே விடுகிற துளிகள், வருடக்கணக்காக. மிச்சம் முழுவதும் இவள். வசந்தம் தொடங்கினால் உடுப்புகள் வெளியே காயாது. யன்னல்கள் மழை பெய்தபின்தான் திறக்கும். விடிய வேலைக்குப் போய், மற்றவர்களின் கந்தோர்களைத் துடைத்துவிட்டு வந்து, தன் வீட்டையும் ஈரத்துணியால் துடைப்பாள். பள்ளியால் வந்ததும் ஆரணிக்குத் தலைமுழுக்கு. விழுந்த பூச்சரங்களை முகத்தில் துணி கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத்தான் கூட்டுவாள்.

முதல் வசந்தம் பயத்தில் போனது. இரண்டாவதில் ஆரணி மூச்சுக்கு இழுக்கிற மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள், எடுக்கத் தேவைப்படவில்லை. மூன்றாவதில் ஒருநாள் நான் வேலையால் வர, ஆரணி மரத்துக்குக் கீழே கதிரை போட்டிருந்து ஆப்பிள் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“வாய் கடிக்கேல்லையோ?”

“கொஞ்சம்,” என்று தமிழில் சொல்லிவிட்டு இன்னொரு கடி கடித்தாள்.

வெயிலும் வீட்டிருப்பும்

பிறகு அந்தக் கொடும் கோடை வந்தது. பாரிசில் இருக்கிறவர்கள் எவரும் மறக்கமாட்டார்கள். கனிக்குல் என்று வானொலி நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தது. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

வதனி அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்தாள். மரக்கறி கழுவிய தண்ணீர். சவர்க்காரம் போடுமுன் குளியலில் ஓடுகிற தண்ணீர். வெயில் இறங்கியதும் வாளி வாளியாகப் போகும். அப்படியும் மரம் நடுக்கோடையிலேயே மஞ்சளித்து இலையைக் கொட்டியது. “முடிஞ்சுது,” என்றேன் நான். “இல்லை. தன்னைக் காப்பாத்த இலையைக் கொட்டுது. தாகத்துக்கு அது செய்யிற வேலை,” என்றாள்.

அடுத்த வசந்தத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. ரெஸ்ரோறன்ற் பூட்டு. பாரிசுக்கு வந்த நாள்முதல் பகல் வெளிச்சத்தில் நான் வீட்டில் தொடர்ந்து இருந்ததில்லை. குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தேன். இத்தனை வருடம் ஒரே வளவில் இருந்தும் நான் அந்த மரத்தைப் பார்த்ததேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலை வெயில் பட்டால் வெள்ளை மெல்லிய ரோசா நிறமாகும். மழை நனைத்தால் சாம்பல். கிளைகள் அவ்வளவு மெல்லியவை, ஒரு சிறு குருவி வந்திருந்தாலும் நுனிவரை ஆடும். மொட்டு ஒருநாள் மூடியிருந்தது. மறுநாள் பொட்டளவு இலைகள், பச்சை நிறத்தில் பனி இறங்கியதுபோல. அதன் நிழலில் இருந்தால் வெயில் முழுதாக மறையாது. சல்லடையால் விழுவதுபோலச் சிதறிச் சிதறி மடியில் விழும். ஒன்றும் தராத மரம் என்று சொன்ன மனிதர்களை நினைத்துக்கொண்டேன்.

துளிர்த்தவை இரண்டு தண்டுகள். மூன்றாவது துளிர்க்கவேயில்லை. அதன் பக்கவாட்டில், தட்டு ஒன்றைச் செருகியதுபோலக் கட்டையான காளான் ஒன்று முளைத்திருந்தது. வதனி விரலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே வெறுமையாகக் கேட்டது.

கோடை முடிவில் யோகன் அண்ணை வந்தார். முதுகு நோவுக்குப் பட்டி கட்டியிருந்தார். கயிறு போட்டு, மற்ற இரண்டு தண்டிலும் கீறல் படாமல், செத்த தண்டைத் துண்டு துண்டாக இறக்கினார். இந்தமுறை தண்ணீர் வரவில்லை. மரத்தூள் மட்டும் விழுந்தது. வதனி கடைசித் துண்டு இறங்கும்வரை வெளியிலேயே நின்றாள்.

“இனி ஒலிவ் ஒண்டு வையன் தங்கச்சி. எந்த வெயிலுக்கும் நிக்கும்,” என்றார் யோகன் அண்ணை.

அது நல்ல புத்தி. ஆனால் அவள் கேட்கவில்லை.

லா சப்பலால் ஒரு கன்று

இலையுதிர் காலத்தில் செய்ன் ஆற்றங்கரைச் செடிக்கடையில் ஒரு கன்று வாங்கினோம். என்னைவிட உயரம், பெருவிரல் தடிப்பு. வதனிக்குக் கறிச்சட்டி ஒன்றும் வாங்கவேண்டியிருந்ததால் அதைத் தூக்கிக்கொண்டே லா சப்பலில் இறங்கினோம். தெரு முழுக்கப் பகிடி.

“அக்கா, கலியாண வீடோ? கன்னிக்கால் நடப் போறியளோ?”

“இதென்ன அண்ணை, முருங்கைத் தடியோ? ஒரு முறி எங்களுக்கும் தாங்கோ.”

எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். ரயிலில் கன்றை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான், இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

“ஏன் திரும்பவும் இதையே வாங்கினனீர்?”

அவள் கன்றின் நுனி கூரையில் முட்டாமல் கொஞ்சம் சரித்துவிட்டுச் சொன்னாள்.

“ஊர் மரம் எதைப் பார்த்தாலும் எனக்குத் தம்பி நிப்பான். பக்கத்து வளவு மாமரத்திலை ஏறி நிப்பான். பூவரசிலை தடி முறிப்பான். அங்கை வீட்டு மல்லிகைச் சட்டிக்கும் அவன்தான் தண்ணி ஊத்தினவன். அந்த வருசத்துக்குப் பிறகு எனக்குப் பார்க்க ஒரு மரமும் இல்லை. இந்த வீட்டுக் கதவைத் திறந்தன், இது நிண்டுது. இதிலை ஒருத்தரும் இல்லை. கையை வைச்சன். ஒருத்தரும் வரேல்லை.”

ரயில் ஒரு நிலையத்தில் நின்று எடுத்தது.

“இப்ப இதிலையும் ஆக்கள் வந்திட்டினம்,” என்றாள். “ஆரணி ஆப்பிள் கடிச்சுக்கொண்டு இருக்கிறாள். யோகன் அண்ணை மஞ்சள் தலையோடை ஏணியிலை நிக்கிறார். நீங்கள் கதிரையிலை இருக்கிறியள்.” மெல்லச் சிரித்தாள். “பரவாயில்லை. இவை உயிரோடை இருக்கிற ஆக்கள்.”

வீட்டின் வடக்குப் பக்கத்தில், மத்தியான வெயில் படாத ஈர மண்ணில் அதை நட்டாள். மறுநாள் மதாம் நாதியா மதிலால் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கன்றின் தண்டு மண்ணிறம். எந்தக் காட்டுத்தடியும் அப்படித்தான் இருக்கும்.

“உன்னை ஏமாற்றிவிட்டார்கள். இது அந்த மரம் இல்லை.”

“அதுதான், மதாம். சின்னதில் வெள்ளை இல்லை. பிறகு வரும்.”

நாதியா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான். வருடங்கள் போயின. கன்று கூரையைத் தொட்டது. தண்டு அதே மண்ணிறம். ஆரணி படிப்புக்காக லியோனுக்குப் போனாள். ஒவ்வொரு வசந்தமும் நாதியா, “எங்கே உன் வெள்ளை?” என்று மதிலுக்கு மேலால் கேட்பதும், வதனி, “வரும், வரும்” என்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது.

இந்த வருடம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். குசினியில் தட்டுகள் பறந்துகொண்டிருந்தன. காற்சட்டைப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்து நின்றது, திரும்ப அதிர்ந்தது. வேலை நேரத்தில் வதனி என்னை அழைக்கிற பழக்கம் இல்லை. கரண்டியைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டுப் பின்முற்றத்துக்கு ஓடினேன்.  ஆரணிக்கு ஏதோ என்று நினைத்தேன். வேறு என்னென்னவோவும் நினைத்தேன்.

“என்ன, என்ன நடந்தது?”

“வெள்ளை வந்திட்டுது,” என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

“கன்றிலை. அடியிலை, ஒரு சாண் உயரத்திலை. மேல்தோல் வெடிச்சுச் சுருண்டிருக்கு. உள்ளை வெள்ளை. என்ரை சின்னவிரல் நகத்தளவுதான்.”

“நீர் உரிச்சுப் பாத்தனீரோ?”

“விசரே உங்களுக்கு? நான் தொடேல்லை. தானா வந்தது.” மூச்சு வாங்கியது அவளுக்கு; வளவிலிருந்து ஓடி வந்திருக்கவேண்டும். “மதாமைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டன். மனுசி முழங்காலிலை இருந்து பாத்தது. ஆரணிக்குப் படம் அனுப்பியிருக்கிறன். நீங்கள் எப்ப வாறியள்?”

பின்னேர வேலைக்கு வேறு ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஏப்ரனைக் கழற்றிக் கொளுவினேன். வெளியில் இன்னும் நல்ல வெளிச்சம். கார் து நோருக்கு நடக்கவில்லை, ஓடினேன்.